பத்து மணியில் நிற்காத கூட்ஸ்

உலகத்தில் எல்லோருக்கும் ஒரு நாளைக்கு இருபத்துநான்கு மணி நேரம். எங்கள் குடியிருப்பில் இருந்த கூட்ஸுக்கு மட்டும் இருபத்தைந்து. இது மிகைப்படுத்தல் அல்ல; நான் குறித்து வைத்துச் சரிபார்த்தது. திங்கட்கிழமை இரவு பத்து மணிக்குப் படுத்தால் செவ்வாய் பதினொன்று, புதன் பன்னிரண்டு, அடுத்தது ஒன்று. இப்படியே நகர்ந்து நகர்ந்து மூன்றரை வாரத்தில் ஒரு முழுச் சுற்று சுற்றி மறுபடி பத்து மணிக்கு வந்து சேர்வார். வந்த இடத்தில் நிற்பாரா என்றால், மாட்டார். அடுத்த சுற்று தொடங்கிவிடும்.

ஸ்ரீரங்கத்தில் அம்மா மண்டபம் சாலைக்குப் பின்புறம், பன்னிரண்டு வீடுகள் கொண்ட அடுக்குமாடிக் கட்டடம் எங்களுடையது. நான் அதன் சங்கச் செயலாளர். பொதுக்குழுக் கூட்டத்துக்கு நான் ஒருவன்தான் போயிருந்தேன், ஏகமனதாகத் தேர்வானேன்.

கூட்ஸின் பெயர் அவர் வீட்டு வாசல் பலகையில் இருந்தது. யாரும் படித்ததில்லை. உப்பிலியபுரம் பக்கத்து விவசாயக் குடும்பத்திலிருந்து வந்து, முப்பத்தாறு வருடம் சரக்கு ரயிலில் கார்டாக இருந்தவர் என்பதால் குழந்தைகளுக்குக் கூட்ஸ் தாத்தா, பெரியவர்களுக்குக் கூட்ஸ் சார், அவர் இல்லாத இடத்தில் எல்லோருக்கும் வெறும் கூட்ஸ். மாலை ஐந்து மணிக்குப் பல் துலக்கியபடி பால்கனியில் நின்று "குட் மார்னிங் சார்" என்பார். "குட் ஈவினிங்" என்று நான் திருத்தினால், "உங்களுக்கு" என்பார்.

தீபாவளிக்கு மூன்றாம் நாள் எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு வந்து வாழ்த்துச் சொன்னார். கோயிலுக்குத் தவறாமல் போவார். நடை சாத்தியிருக்கிற நேரமாகப் பார்த்துப் போவார். பெருமாளே படுத்துக்கொண்டிருக்கிற ஊரில் இவர் ஒருவர்தான் விழித்திருக்கிறார் என்ற நகைச்சுவையை எங்கள் தெருவில் எல்லோரும் சொல்லி முடித்துவிட்டார்கள். ஆகவே நான் சொல்லவில்லை.

கொள்ளிடம் பாலத்தில் சரக்கு ரயில் போகும் சத்தம் கேட்டால் பேச்சை நிறுத்திவிடுவார். "காலி வேகன் சார். அரியலூருக்கு சிமெண்ட் ஏத்தப் போகுது" என்பார். சரியா தவறா என்று சோதிக்க வழியில்லை. அது அவருக்கும் தெரியும்.

எங்கள் பழக்கம் ஒரு புகாரில் ஆரம்பித்தது. இரண்டாம் மாடி டீச்சர் ஒருநாள் என் கதவைத் தட்டினார்.

"சார், அந்தக் கூட்ஸ் ராத்திரி ரெண்டு மணிக்கு மிக்ஸில தேங்காச் சட்னி அரைக்கிறார். நான் காலையில ஸ்கூலுக்குப் போகணுமா வேண்டாமா?"

"எழுத்துல கொடுங்க டீச்சர்."

"சட்னியையா?"

"புகாரை."

கொடுத்தார். நான் அதற்கு எண்ணிட்டு, தேதியிட்டு, ஏழு நாட்களுக்குள் விளக்கம் கேட்டு அறிவிப்பு அனுப்பினேன். அரசு அலுவலகத்தில் பணியமைப்புப் பிரிவில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். நேரில் போய் "கொஞ்சம் மெதுவா அரைங்க" என்று சொல்வதற்கு எந்த விதியிலும் இடமில்லை.

மறுநாள் மாலை கூட்ஸ் அறிவிப்போடு வந்தார். அடியில் கோடு போட்டுத் தன் விளக்கத்தை எழுதியிருந்தார்: 'குற்றச்சாட்டு உண்மை. ஆனால் சட்னி அல்ல, துவையல்.' கீழே கையெழுத்து, தேதி, மணி, நிமிடம்.

எனக்கு அந்த மனிதரைப் பிடித்துவிட்டது. நிமிடம் போட்டுக் கையெழுத்திடும் ஆளை நான் என் சர்வீஸிலேயே பார்த்ததில்லை.

"உட்காருங்க. இந்தத் தூக்கம் எப்போலேருந்து இப்படி?"

"வீட்டுக்காரி போனதிலேருந்து சார். ரெண்டு வருஷமாச்சு."

அதற்கு மேல் அவர் சொன்னதுதான் விஷயம். மனைவி இறந்தபின், ஆற்றுக்கு அந்தப் பக்கம் கே.கே. நகரில் இருக்கும் மகள் கவிதா அவரைத் தன்னோடு அழைத்துப் போயிருக்கிறாள். மாடியில் தனி அறை. ஆனால் அங்கே பேரன் பரீட்சைக்குப் படிக்கிறான், மருமகன் காலை ஆறு மணிக்கு வேலைக்குக் கிளம்புகிறவர். இவர் நடுராத்திரியில் குக்கர் வைத்தார். இரண்டே மாதத்தில் மகள் அழுதுகொண்டே திரும்பக் கொண்டுவந்து விட்டாள். "தூக்கத்தைச் சரி பண்ணிட்டு வந்துடுங்கப்பா. ரூம் அப்படியே இருக்கும்" என்றாளாம்.

"அப்படியே இருக்கா?"

"இருக்கு சார். ஆனா மாப்பிள்ளை எத்தனை நாளைக்குச் சும்மா வச்சிருப்பாரு? ஒரு பையன் வாடகைக்குக் கேட்டிருக்கான். இப்ப ஆடி மாசம், யாரும் வீடு மாற மாட்டாங்க. ஆவணி பொறந்ததும் வந்துடுவான். அதுக்குள்ள நான் மனுஷன் மாதிரித் தூங்கிக் காட்டணும்."

ஆடி பிறந்து அப்போது ஒரு வாரம் ஆகியிருந்தது.

டாக்டர் சொன்ன யோசனைகளையெல்லாம் ஏற்கெனவே செய்து பார்த்திருந்தார். மத்தியானத்துக்கு மேல் காபி குடிக்காதீர்கள் என்றார் டாக்டர். கூட்ஸ் மத்தியானத்தில்தான் எழுந்திருப்பார், அதனால் காபியே கிடையாது என்றாகிவிட்டது. காலை வெயிலில் உட்காரச் சொன்னார். உட்கார்ந்த இடத்திலேயே தூங்கி, ஒரு பக்கம் மட்டும் கறுத்துவிட்டார். படுத்துக்கொண்டு மனதுக்குள் எண்ணச் சொன்னார். இவர் வேகன் எண்ணினார்.

"ஐம்பத்தெட்டு வேகன் வரைக்கும் கண்ணு சொக்கிட்டு வரும் சார். அதுக்கு அடுத்தது பிரேக் வேன். அதுல கார்டு நான்தானே? ட்யூட்டியில தூங்கினா சஸ்பெண்டு. முழிப்பு வந்துடும்."

இதற்கு மருத்துவத்தில் தீர்வு இல்லை, நிர்வாகத்தில்தான் உண்டு என்று எனக்குப் புரிந்தது. ஒருவரைச் சீக்கிரம் தூங்க வைக்க முடியாது. ஆனால் தாமதமாகத் தூங்க வைக்கலாம். அப்போது அவர் தூங்கும் நேரம் காலை எட்டு மணி. நாளுக்கு இரண்டு மணி நேரம் தள்ளிப்போட்டால் பத்து, பன்னிரண்டு, இரண்டு என்று போய் ஏழாம் நாள் இரவு பத்து மணிக்கு வந்துவிடலாம். படுத்த எட்டாவது மணி நேரத்தில் எழுந்துவிட வேண்டும். அட்டவணையாக எழுதி மூன்று பிரதி எடுத்தேன். அவருக்கு ஒன்று, எனக்கு ஒன்று, கோப்புக்கு ஒன்று.

கூட்ஸ் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "ரோஸ்டர்! பார்த்து எவ்வளவு நாளாச்சு!"

முதல் நாள் காலை பத்து மணிக்குப் படுத்தார். பத்தரைக்குப் பார்த்தால் பால்கனியில் நிற்கிறார்.

"ஏன் தூங்கலை?"

"யாரு சார் எழுப்புவா?"

"அலாரம் வைங்க."

"அலாரம் கையெழுத்து கேக்காதே சார்."

பிறகுதான் விளக்கினார். ரயில்வேயில் வண்டி கிளம்ப இரண்டு மணி நேரத்துக்கு முன்னால் வீட்டுக்கு ஆள் வந்து கதவைத் தட்டி எழுப்புவாராம். கையில் 'கால் புக்' என்று ஒரு நோட்டு. எழுந்தவர் அதில் நேரம் போட்டுக் கையெழுத்து வைத்தால்தான் ஆள் நகர்வார். எந்த ஊர் ஓய்வறையில் எந்த நேரத்தில் படுத்தாலும் அப்படித்தான். பின்னால் எல்லாம் போனில் வந்துவிட்டது. அப்புறம் மனைவி எழுப்பினாள். அவள் கையெழுத்து கேட்டதில்லையென்றாலும் எழுந்து உட்காரும்வரை போக மாட்டாளாம்.

"தூங்கறதுக்கு ஒரு தைரியம் வேணும் சார். நம்மளை எழுப்ப ஒருத்தர் வருவாங்கன்ற தைரியம். அது இல்லாம கண்ணை மூடினா, எங்க போயிடுவோமோன்னு இருக்கு."

நான் என் வீட்டைப் பற்றி நினைத்துக்கொண்டேன். என் மனைவி பேரனைப் பார்த்துக்கொள்ளச் சென்னையில் மகன் வீட்டுக்குப் போனவள். மூன்று மாத டெபுடேஷன். நான்கு வருடமாக நீட்டிக்கப்பட்டு வருகிறது. நானும் தினமும் யாரும் தட்டாமல்தான் எழுந்திருக்கிறேன். அதில் தைரியம் சம்பந்தப்பட்டிருக்கிறது என்று அதுவரை தெரியாது.

அன்றே ஒரு நூறு பக்க நோட்டு வாங்கிக் கோடு போட்டேன். வரிசை எண், தேதி, எழுப்பிய நேரம், எழுந்த நேரம், கையெழுத்து. "ஆறு மணிக்கு வந்து தட்டுவேன். போய்ப் படுங்க" என்றேன்.

கதவைச் சாத்தி நான் பக்கத்திலிருக்கும் என் வீட்டு வாசலுக்குப் போவதற்குள் குறட்டை கேட்டது. அன்று லீவில் இருந்த இரண்டாம் மாடி டீச்சர் எட்டிப் பார்த்து, "மிக்ஸியா?" என்றார்.

அந்த ஏழு நாளும் நான் பட்ட பாடு தனி. மாலை ஆறுக்குத் தட்டினேன், எட்டுக்குத் தட்டினேன், பத்துக்கும் பன்னிரண்டுக்கும் தட்டினேன். எழுந்ததும் முகம் கழுவிக்கொண்டு வந்து என்னோடுதான் சாப்பிடுவார். அவருக்குக் காலை டிபன், எனக்கு இரவுச் சாப்பாடு. இட்லி இரண்டுக்கும் பொது. விருத்தாசலத்துக்கும் அரியலூருக்கும் நடுவில் சிகப்பு விளக்கில் ஐந்து மணி நேரம் நின்றது, கடைசிப் பெட்டியில் தனியாக உட்கார்ந்து மழையில் கேழ்வரகு உருண்டை தின்றது என்று கதை சொல்வார். கார்டுக்கு ஓட்டுநரைப் பார்க்கவே முடியாதாம். முக்கால் கிலோமீட்டர் தள்ளி, முன்னால் எங்கோ ஒருவன் இருக்கிறான் என்று நம்பிக்கொண்டு போக வேண்டியதுதானாம்.

சரியாக ஆடிப்பெருக்குக்கு முதல்நாள் இரவு பத்து மணிக்குப் படுத்தார். காலை ஆறு மணிக்கு எழுப்பினேன். கையெழுத்துப் போட்டார். இருவரும் அம்மா மண்டபம் போய்க் கூட்டத்தில் இடிபட்டுக் காவிரியைப் பார்த்துவிட்டு வந்தோம். டீச்சர் சித்ரான்னம் கொடுத்தனுப்பினார். ஒரு கோப்பை நல்லபடி முடித்த நிறைவோடு அன்றிரவு ஒன்பதரைக்கே தூங்கிவிட்டேன்.

மறுநாள் காலை ஆறுக்குத் தட்டினால் திறக்கவில்லை. மறுபடி தட்டினேன். கண் சிவக்க வந்து நின்றார்.

"என்ன சார், ரெண்டு மணி நேரம் முன்னாடியே வந்துட்டீங்க? நேத்து பன்னெண்டு மணிக்குத்தானே படுத்தேன்?"

"பன்னெண்டா? ஏன்யா?"

"நாளுக்கு ரெண்டு மணி தள்ளணும்னு நீங்கதானே ரோஸ்டர்ல போட்டிருக்கீங்க."

"பத்து மணி வந்ததும் நிக்கணும்யா!"

"அப்படின்னு எங்க எழுதியிருக்கு?" என்று தன் பிரதியைக் கொண்டுவந்து விரித்தார். "சிகப்பு விளக்கு இல்லாத ஸ்டேஷன்ல கூட்ஸ் எதுக்கு சார் நிக்கும்?"

பார்த்தேன். எழுதியிருக்கவில்லை.

என் கோப்புப் பிரதியையும் எடுத்துப் பார்த்தேன். அதிலும் இல்லை. முப்பது வருடம் ஆணை எழுதியவன் நான். 'மறு உத்தரவு வரும்வரை' என்றோ, 'இந்தத் தேதியோடு முடிவுறும்' என்றோ கடைசி வரி இல்லாமல் என் மேசையிலிருந்து ஒரு காகிதம் போனதில்லை. உதவியாளர் ஒருவர் அந்த வரியை விட்டதற்காக அவருடைய ஊதிய உயர்வையே நிறுத்தியிருக்கிறேன். இந்த அட்டவணையில் மட்டும் எப்படி விட்டேன்? ஆடிப்பெருக்குக் கூட்டத்தின் மேல் பழி போட முடியாது. அட்டவணை அதற்கு முன்பே எழுதியது. அன்று நெடுநேரம் யோசித்தேன். விளக்கம் கிடைத்தது. அதைக் கோப்பில் வைக்கவில்லை.

அன்றிரவு பத்து மணிக்கே படுக்க வைத்துப் பார்த்தோம். "ரிவர்ஸ் வராது சார்" என்றார். வரவில்லை. இரண்டு மணி வரை கொட்டக் கொட்ட விழித்திருந்துவிட்டுத் தூங்கினார். இனி முழுச் சுற்றும் சுற்றித்தான் பத்து மணிக்கு வந்தாக வேண்டும். பத்து நாள் ஓட்டம். ஆடி முடியப் பதினோரு நாள் இருந்தது.

இரண்டாவது அட்டவணையில் கடைசி வரியைச் சிகப்பு மையில் எழுதினேன்: 'இரவு பத்து மணியை அடைந்ததும் நகர்வு நிற்கும். அதன்பின் நாள்தோறும் பத்து மணியே.' சங்கத்தின் முத்திரையையும் குத்தினேன். கூட்ஸ் வாங்கிப் படித்துவிட்டு, "இது இருந்தா நான் ஏன் சார் தாண்டப் போறேன்?" என்றார். அதில் குற்றச்சாட்டே இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

மறுபடி தட்டல், மறுபடி கையெழுத்து. என் தூக்கமும் சேர்ந்து கெட்டது. ஒருநாள் மாலை நான் பால்கனியில் நின்று டீச்சரிடம் "குட் மார்னிங்" சொல்லிவிட்டேன். அவர் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

ஒன்பதாம் நாள் அவர் இரவு எட்டு மணிக்குப் படுத்தார். விடிகாலை நான்கு மணிக்கு எழுப்ப வேண்டும். என் அலாரம் மூன்றே முக்காலுக்கு அடித்தது. அணைத்துவிட்டு அப்படியே படுத்திருந்தேன். இன்னும் ஓரிரண்டு மணி நேரம் எழுந்திருக்காமல் இருந்தால் போதும். அவர் பாட்டுக்கு அயர்ந்து தூங்குவார், அன்றிரவு பத்து மணிக்குத் தூக்கம் வராது, கணக்குக் கலையும், ஆவணி பிறக்கும், மாடி அறைக்கு அந்தப் பையன் வந்துவிடுவான். வயதானவன் அலாரம் கேட்காமல் தூங்கிவிட்டதற்கு யாரும் விளக்கம் கேட்க முடியாது. கூட்ஸ் கேட்கவே மாட்டார். அடுத்த வீட்டிலேயே இருப்பார். இட்லி இருவருக்கும் பொதுவாகவே இருக்கும்.

சுவருக்கு அந்தப் பக்கம் குறட்டை சீராகக் கேட்டுக்கொண்டிருந்தது. நான் வருவேன் என்ற தைரியத்தில் தூங்குகிறவரின் குறட்டை.

எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு போய்த் தட்டினேன். நான்கு மணி, பூஜ்யம் நிமிடம் என்று எழுதிக் கையெழுத்திட்டார்.

ஆடி கடைசி நாள் காலை ஏழு மணிக்கு கவிதா வந்தாள். அப்பா குளித்து, சவரம் செய்து, சட்டை போட்டுக்கொண்டு பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அவள் நம்பவில்லை.

"நேத்து எத்தனை மணிக்குப்பா தூங்கினீங்க?"

"பத்து."

"சார், நீங்க சொல்லுங்க. நிஜமாவா?"

"ஆதாரம் இருக்கும்மா" என்று நோட்டை நீட்டினேன்.

ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினாள். ஒரு பக்கத்தில் விரலை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். "ராத்திரி ரெண்டு மணிக்கும் நீங்களா சார் வந்தீங்க?"

"செயலாளர் பதவி அப்படிம்மா."

"எங்க அம்மாவுக்கு அப்புறம்..." என்று ஆரம்பித்தவள் நிறுத்திக்கொண்டு, கொண்டுவந்த தூக்கைத் திறந்தாள். புளியோதரை.

இருந்தாலும் மத்தியானத்தில் அப்பா தூங்குகிறாரா என்று பார்த்துவிட்டுத்தான் போவேன் என்று உட்கார்ந்துவிட்டாள். சோதனை பன்னிரண்டரைக்குத் தொடங்கியது. கூட்ஸ் நாற்காலியில் விறைப்பாக உட்கார்ந்திருந்தார். நான் எதிரில் அமர்ந்து, ஈட்டிய விடுப்புக்கும் அரைச்சம்பள விடுப்புக்கும் உள்ள வேறுபாட்டை விளக்கிக்கொண்டிருந்தேன். அதைக் கேட்டு விழித்திருப்பவர் எதையும் தாங்குவார். ஒன்றேகாலுக்குக் கவிதா சுவரில் சாய்ந்தாள். ஒன்றரைக்குத் தரையில் படுத்துத் தூங்கிப் போனாள்.

"எழுப்பட்டுமா?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"வேண்டாம் சார். நாலு மணிக்கு எழுப்பலாம். நான் இருக்கேன்ல" என்றார் கூட்ஸ். அத்தனை நாளில் அவர் அவ்வளவு பெருமையாகப் பேசி நான் கேட்டதில்லை. ஒரு விசிறியை எடுத்து மகளுக்கு விசிறிக்கொண்டே, அரைச்சம்பள விடுப்பை நான் விட்ட இடத்திலிருந்து தொடரச் சொன்னார்.

ஆவணியில் ஒரு நல்ல நாளாகப் பார்த்துக் கிளம்பினார். ஒரு டிரங்குப் பெட்டி, ஒரு மிக்ஸி. மருமகனே கார் கொண்டுவந்திருந்தார். டீச்சர் கீழே இறங்கி வந்து, "ராத்திரியில சத்தமே இல்லாம எப்படி சார் தூங்கப் போறேன்?" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். புகார் கொடுத்தவரே அதைத் திரும்பப் பெறுவதற்கும் ஒரு படிவம் உண்டு. அன்று நான் எதையும் எழுத்தில் கேட்கவில்லை.

கே.கே. நகர் ஒன்றும் கனடா இல்லை. இரண்டு பஸ் மாறினால் வந்துவிடலாம். அப்படி வருபவர்கள் எத்தனை பேர் என்பதும் எனக்குத் தெரியும்.

காரில் ஏறி உட்கார்ந்தபின் கூட்ஸ் கண்ணாடியை இறக்கினார். மகள் காதில் விழாதபடி குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"சார், அங்க போய்த் தூக்கம் மறுபடி பிசகிடுச்சுன்னா என்ன பண்றது?"

இதற்கான நடைமுறை என்னிடம் தயாராக இருந்தது. அட்டவணையின் நகல் பெட்டியில் இருக்கிறது, நாளுக்கு இரண்டு மணி நேரம், கடைசி வரியை மறக்க வேண்டாம் என்று சொல்ல வேண்டும். வாயைத் திறந்தேன்.

"பிசகட்டும் சார். பிசகினா, எந்த நேரமா இருந்தாலும் கிளம்பி வந்துடுங்க. நான் முழிச்சிட்டுதான் இருப்பேன்."